முப்பது நாள் தனி எடை

அறுபத்தாறு வயது வரைக்கும் எனக்கு டேங்க் என்றால் மொட்டை மாடியில் தண்ணீர் நிற்கிற டேங்க்தான். வேறு டேங்க் ஒன்று உண்டு, அதற்குப் பீரங்கி உண்டு, அதை வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓட்டலாம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. என் தங்கச்சிக்கு இன்றைக்கும் அது பிடிபடவில்லை. "டேங்க் வெடிச்சிடுச்சு" என்று நான் ஒரு நாள் கத்தியபோது, அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். நீங்கள் கொடுத்த பேனாவை நான் தொடவில்லை. என் பேனாவில்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் தனியாகச் சந்தேகம் இல்லை. எல்லார் மேலும் உண்டு.

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருக்கிறது. அடிக்கடி எழுந்துவிடுகிறேன் என்று உங்கள் ஏட்டு முறைக்கிறார். என்னால் ஒரே இடத்தில் இருக்க முடியாது, அவ்வளவுதான். ஓடிப்போக மாட்டேன்.

முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் நான் எண்ணைப் பார்ப்பேன், சீட்டில் ஏற்றுவேன், நேரம் போடுவேன். நேரம் போடாத சீட்டு என் கையிலிருந்து ஒன்றுகூட வெளியே போனதில்லை. சரக்கோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு வந்த பிறகு காலி வண்டியாக ஒரு தடவை. முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. உலகத்தில் எதை நிறுத்தாலும் இதுதான் வழி. இரண்டு பொருள் கலந்து கிடந்தால், ஒன்றின் எடை தெரிய மற்றொன்றை இறக்கியாக வேண்டும்.

தங்கச்சி வீட்டுக்காரரை, அதாவது செத்துப்போன மாப்பிள்ளையை, நான் முதன்முதலில் பார்த்தது அந்த மேடையில்தான். அவர் லாரி டிரைவர். எடை போடும்போது டிரைவர் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பது விதி. இவர் சரக்கோடு வரும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருப்பார். காலியாக வரும்போது மட்டும் இறங்கி நின்று பீடி பற்றவைப்பார். கழித்துப் பார்த்தால் இவருடைய எழுபது கிலோவும் சரக்கோடு சேர்ந்திருக்கும். நான் கண்ணாடியைத் தட்டி, "இறங்குப்பா" என்பேன்.

"நான் என்ன மூட்டையா? மனுஷனைப் போய் எடை போடுறீங்களே," என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் என் அப்பா தங்கச்சியைக் கொடுத்தார். ஆள் நல்லவர். அதில் எனக்கு மறுப்பு இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி போன பிறகு, "மச்சான் எதுக்குத் தனியாக் கிடக்கணும்" என்று மாடி அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாகத் திரும்பவில்லை. விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். வெளியூரில் வேலை பார்க்கிற அவர் மகள் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாடியில் வைத்து, டேங்க் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். இந்தப் பக்கம் பதினைந்து டேங்க், அந்தப் பக்கம் பதினைந்து டேங்க். ஒவ்வொன்றையும் எங்கேயோ உட்கார்ந்து ஒரு ஆள் ஓட்டுகிறான். அடிபட்டுவிட்டால் அந்த ஆட்டத்துக்கு அவ்வளவுதான். அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்ததில் நானும் மாட்டிக்கொண்டேன். காலையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான். மூன்றிலிருந்து ஆறு வரை மாப்பிள்ளை.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஐடி. அதற்கு 'ரெண்டு கிழம்' என்று பெயர் வைத்தாள் அந்தப் பெண். தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஆனால் புதிதாக ஒன்று வேண்டுமென்றால் அது போன் நம்பர் கேட்கும். நான் யாருக்கும் நம்பர் கொடுப்பதில்லை. "வேண்டாம்மா, ஒண்ணே போதும்" என்று நான்தான் சொன்னேன்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் காலை ஆட்டத்தில், என் பக்கத்து ஆள் ஒருவன் எல்லாரும் பார்க்கும்படி எழுதினான்: "மஞ்சள் கிழமே, ஓரமாப் போய் உக்காரு. உன்னாலதான் தோக்கப்போறோம்."

மஞ்சள் என்றால் என்ன என்று தங்கச்சி மகளுக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் உண்டு என்றாள். ஆட்டத்துக்கு ஆட்டம் அது மாறுமாம். அந்த எண்ணுக்கு ஒரு நிறமும் உண்டாம். மட்டம் என்றால் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், உச்சியில் ஊதா. நம் பெயருக்குப் பக்கத்தில் அது தெரியும். எதிரே நிற்கிறவனுக்கும் தெரியும்.

"நீங்க எவ்வளவு அடிச்சீங்கன்னு மட்டும் பாக்காது மாமா. அதே டேங்கை ஓட்டுற மத்தவங்க ஒரு ஆட்டத்துல சராசரியா எவ்வளவு அடிப்பாங்களோ, அதோட உங்களை ஒப்பிடும். எல்லாரையும் போல ஆடினா ஆயிரம். அதுக்கு மேல போகப் போக நிறம் மாறும்."

"அந்த மத்தவங்களை யாரு நிறுத்தது?"

"என்ன மாமா?"

"மேடைக்கு முத்திரை போட்டிருக்கா? வருஷா வருஷம் ஆள் வந்து சோதிக்கிறாங்களா?"

"ஐயோ மாமா, அது விளையாட்டு."

விளையாட்டு என்றால் எதற்கு எண் போடுகிறார்கள்? எங்கள் எண் ஆயிரத்து நாற்பது. மஞ்சள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இரண்டு தடவை குளித்தேன். என்னைக் கிழம் என்று சொன்னது உறுத்தவில்லை, நான் கிழம்தான். அந்த ஆயிரத்து நாற்பதில் என்னுடையது எவ்வளவு என்பதுதான் உறுத்தியது.

நான் எப்படி ஆடுவேன் என்று சொல்கிறேன். பின்னால், ஒரு புதரில் நிற்பேன். அவசரப்பட மாட்டேன். எவனாவது கண்ணில் பட்டால் அடிப்பேன். ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, நேரம், எவ்வளவு அடித்தேன் என்று எல்லாம் அதில் இருக்கும். கூட இருப்பவர்கள் சொதப்பித் தோற்ற ஆட்டங்களை மட்டும் அதில் ஏற்றவில்லை. அது அவர்கள் தப்பு, என் சீட்டில் எதற்கு வர வேண்டும்? நோட்டின்படி பார்த்தால் நான் ஆயிரத்து நானூறுக்குக் குறைய வழியில்லை. அப்படியென்றால் மாப்பிள்ளை எழுநூறைத் தாண்டியிருக்க முடியாது. ஒரே மேடையில் இரண்டு பேர் நின்றால் இப்படித்தான் ஆகும்.

அவர் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். இடது கையில் மவுஸ். ஆட்டம் தொடங்கியதும் நேரே முன்னால் போவார். எதிரிகள் இருக்கிற இடத்துக்கே போய், ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு அடி வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவருவார். சுடுவது குறைவு. எங்களோடு வழக்கமாகச் சேர்ந்து ஆடும் பல் டாக்டர் ஒருவர் உண்டு. முகம் பார்த்ததில்லை, காதில் மாட்டுகிற கருவியில் குரல் மட்டும் கேட்கும். நோயாளி வாயில் மரப்பு ஊசி போட்டுவிட்டு, அது பிடிப்பதற்குள் ஒரு ஆட்டம் ஆடுவார். அவர், "அப்படித்தான் பெரியவரே, காட்டிக் கொடுங்க, காட்டிக் கொடுங்க" என்று குஷியாகக் கத்துவார். நாம் முன்னால் போய் எதிரியைக் கண்ணுக்குத் தெரியவைத்து, அதனால் இன்னொருவன் அவனை அடித்தால், அந்த அடியில் ஒரு பங்கு நமக்கும் சேரும் என்று தங்கச்சி மகள் சொல்லியிருந்தாள். நான் அதை நம்பவில்லை. ஒருத்தன் சரக்கு இன்னொருத்தன் சீட்டில் எப்படி ஏறும்? ஏறினால் அதற்குப் பெயர் வேறு.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. அந்த எண் இரண்டு விதமாக வரும். ஆரம்பத்திலிருந்து ஆடிய எல்லா ஆட்டங்களுக்கும் ஒன்று. அது நகராது, நிறைந்த லாரியில் ஒரு பிடி மண் போட்ட மாதிரி. கடைசி முப்பது நாளுக்கு மட்டும் இன்னொன்று. ஆக, முப்பது நாள் நான் மட்டும் ஆடினால் வருகிற எண் என்னுடையது. கலப்படம் இல்லாதது.

கேட்டேன், ஐயா. முறையாகக் கேட்டேன். "சரி மச்சான், முப்பது நாள் உங்க ராஜ்ஜியம்" என்றார். நோட்டில் 'தனி எடை ஆரம்பம்' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டேன். பன்னிரண்டாம் நாள் முடி வெட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், நாற்காலி சூடாக இருந்தது.

"ரெண்டே ரெண்டு ஆட்டம் மச்சான். விரல் மரத்துப்போச்சு."

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பத்தொன்பதாம் நாள் பல் டாக்டர் என்னிடம், "நேத்து சாயங்காலம் பிரமாதம் பெரியவரே, நாலும் ஜெயிச்சோம்ல" என்றார். நேற்றுச் சாயங்காலம் நான் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன், மாப்பிள்ளைக்கு மாத்திரை வாங்க.

கீழே போய்க் கேட்டேன். மாப்பிள்ளை சிரித்தார். லாரிக்குள் உட்கார்ந்துகொண்டு சிரித்த அதே சிரிப்பு.

"நான் என்ன மூட்டையா மச்சான்? ஏத்தி ஏத்தி இறக்குறீங்க. அந்தப் பாழாப்போன நம்பர் என்னாத்துக்கு? கஞ்சி ஊத்துமா?"

தங்கச்சி அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு மேல அடிச்சிக்கிறீங்க. கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவேன்" என்றாள்.

கோபத்தில் செய்ததாக எழுதினால் எனக்கு நல்லது என்று உங்கள் ஏட்டு காதோடு சொன்னார். கோபம் இல்லை. அந்த வாரம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கம்ப்யூட்டரில் அந்த எண் வருகிற பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தூக்கத்தில்கூட விரல் அதைத் தட்டியது. நின்றபடியே சாப்பிட்டேன். ஒரு மனுஷன் தன் எடை தெரியாமல் எத்தனை நாள்தான் இருப்பது என்றுதான் நினைத்தேன். கோபம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

மாடிப்படி அறைக்கு மேலே தண்ணீர் டேங்க் இருக்கிறது. ஏறுவதற்கு இரும்பு ஏணியைச் சாய்த்துவைத்திருக்கிறோம். டேங்கில் மிதவை மாட்டிக்கொண்டால் தண்ணீர் நிற்காமல் வழியும். ஏறிச் சரிசெய்வது எப்போதும் நான்தான். அன்றைக்குக் காலை பதினொரு மணி வாக்கில் தண்ணீர் வழிந்தது. தங்கச்சி கீழேயிருந்து, "டேங்க் வழியுது, டேங்க் வழியுது" என்று சத்தம் போட்டாள்.

"எந்த டேங்க்?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவள் திட்டினாள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நான், "எனக்கு முழங்கால் பிடிச்சிருக்கு மாப்பிள்ளை. நீங்க ஏறுங்க, நான் ஏணியைப் பிடிச்சிக்கிறேன்" என்றேன். அவர் ஏறினார். வலது கை கம்பியை முழுசாகப் பற்றவில்லை, மணிக்கட்டைக் கொக்கி மாதிரி போட்டுப் போட்டு ஏறினார். மிதவையைத் தட்டிவிட்டார். தண்ணீர் நின்றது. "ஆச்சு மச்சான்" என்றார்.

"இறங்குங்க மாப்பிள்ளை" என்றேன்.

எடை போடுகிறவன் கால் மேடையில் படக்கூடாது. பட்டால் எண் தப்பாக வரும். அதனால் கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

தரை ஈரம். ஏணி வழுக்கியது. அவர் மாடியில் விழவில்லை, கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே உயிர் போய்விட்டது. தங்கச்சி ஒரே ஒரு தடவை கேட்டாள், "அண்ணே, ஏணியை நீதானே பிடிச்சிருந்தே?" "பிடிச்சிருந்தேன்" என்றேன். பொய் இல்லை, அதற்கு முன்னால் வரை பிடித்திருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குக் காவலாக என்னை விட்டுவிட்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மணி மூன்றாகிவிட்டது. அது மாப்பிள்ளையின் நேரம். இப்போது அதுவும் என் கணக்கில்தானே சேர வேண்டும், காலியாக விடக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

"வாங்க பெரியவரே, முன்னாடி போங்க, வழக்கம்போல" என்றார் பல் டாக்டர். நான் புதரில் நின்றேன். நான்கு நிமிஷத்தில் தோற்றோம். அடுத்ததும் தோற்றோம்.

"என்னாச்சு இன்னிக்கு? முன்னாடி போற கிழவர் எங்க?"

"இறங்கிட்டார்" என்றேன்.

அவருக்கு நாங்கள் இரண்டு ஆள் என்பது ஆரம்பத்திலிருந்தே தெரியும் போலிருக்கிறது. குரலை வைத்தா, ஆட்டத்தை வைத்தா என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் என்னோடு சேர்வதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். துக்கத்தில் ஒருத்தன் மாடியில் தனியாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. காலையும் சாயங்காலமும் ஆடினேன். எண்ணை மட்டும் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முப்பது நாளும் முடிந்த காலையில் திறந்தேன்.

எழுநூற்று அறுபது. ஆரஞ்சு. முன்பு நூற்றில் ஐம்பத்திரண்டு ஆட்டம் ஜெயித்துக்கொண்டிருந்த ஐடி, இப்போது நாற்பத்து நான்கு.

மறுபடி திறந்தேன். அதேதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். தெருவுக்குப் போய் நடந்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் அதேதான். யாரோ உள்ளே புகுந்து எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தேன். நானாகத்தான் வந்தேன், ஐயா, அதை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுக்க வந்தது புகார். கம்ப்யூட்டர் திருட்டுக்கெல்லாம் வேறு இடம் என்று ஏட்டு விரட்டினார். நீங்கள்தான், "பெரியவர் என்னமோ நோட்டு வெச்சிருக்காரே, பாப்போம்" என்று கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள்.

பக்கம் பக்கமாகப் புரட்டினீர்கள். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினீர்கள். 'தனி எடை மூன்றாவது ஆரம்பம். மாப்பிள்ளை இல்லை. காலை 10.20.'

"மூணாவதுன்னா, முன்னாடி ரெண்டு தடவை நின்னுபோச்சா?"

"அவர் இறங்காம ஏமாத்திட்டார்."

"இந்த மாப்பிள்ளைதானே மாடியிலிருந்து விழுந்தது? நம்ம ஸ்டேஷன் ரிப்போர்ட்டுல பதினொண்ணு அஞ்சுன்னு இருக்கு. பத்து இருபதுக்கே எப்படிப் பெரியவரே எழுதினீங்க?"

நேரம் போடாமல் சீட்டு எழுதுவது என் பழக்கத்தில் இல்லை என்றேன். நீங்கள் எழுந்து கதவைச் சாத்தினீர்கள்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். ஏணிக்கு அடியில் முட்டுக்கொடுக்க இரண்டு செங்கல் வைத்திருப்போம். அன்றைக்குக் காலை அவற்றை எடுத்துச் செடித்தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கும். மிதவை தானாக மாட்டிக்கொள்ளவில்லை. பத்தரைக்கு நான் ஏறி, ஒரு குச்சியை ஒடித்துச் செருகிவிட்டு இறங்கினேன். முழங்காலில் எனக்கு வலி எதுவும் இல்லை. ஏணியைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிய பக்கத்தில் மாற்றிச் சாய்த்துவைத்ததும் நான்தான். தங்கச்சிக்கு இதில் ஒன்றும் தெரியாது. இன்றைக்கு மத்தியானமும் எனக்குச் சாப்பாடு கட்டி இங்கே கொடுத்தனுப்பியிருக்கிறாள், பாவம். அவளிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவ்வளவு பேச வராது.

காகிதத்தில் நீங்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். ஆளுக்குச் சரிபாதி ஆடி ஆயிரத்து நாற்பது, அதில் என்னுடையது எழுநூற்று அறுபது என்றால், அவருடையது ஆயிரத்து முந்நூற்று இருபது. பச்சை. அந்த மஞ்சளே அவர் போட்ட பிச்சை என்றீர்கள். கழித்தல் சரி, அதில் தப்பில்லை. ஆனால் முத்திரை இல்லாத மேடையில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை சரியாகக் கழித்து என்ன?

என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஐடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று விஷயம் தெரிந்த ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுநூற்று அறுபது என் எடை இல்லை. மாப்பிள்ளையை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அவர் சொன்னால் இறங்குகிற ஆள் இல்லை. இப்போதும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார்.